ரிசீவரோடு சேர்க்க ஒரு பவர் ஆம்ப்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

இரவுக்கேட்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஏழு சானல் ஏ.வி. ரிசீவர் ஒன்றும், தரையில் நிற்கும் மூவழி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் உள்ளன. அறை ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்டது. ஸ்பீக்கர்களிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்கிறேன். பாதி நேரம் இசை, பாதி நேரம் திரைப்படம். மிதமான ஒலியளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தவில் தனி உச்சத்துக்குப் போகும்போதும், படங்களில் வெடிச்சத்தம் வரும்போதும் ஒலி இறுகி, காதில் உறுத்துகிறது. ஒரு முறை படத்தின் நடுவில் ரிசீவர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு பாதுகாப்பு விளக்கைச் சிமிட்டியது.

ஆகவே முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனியாகப் பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கி) ஒன்றைச் சேர்க்க நினைக்கிறேன். மூன்று வாய்ப்புகள் கண்ணில் பட்டுள்ளன (ஏ, ஏபி, டி என்ற கிளாஸ்கள் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இயங்கும் விதத்தைக் குறிப்பவை). முதலாவது, இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையதான கிளாஸ் ஏபி ஆம்ப்: 8 ஓமில் 200 வாட், 4 ஓமில் 350 வாட், தூக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது, புதிய கிளாஸ் டி: 8 ஓமில் 125 வாட், 4 ஓமில் 250 வாட். மூன்றாவது, கிளாஸ் ஏ வகையில் 8 ஓமுக்கு 25 வாட் தருவது. அதன் ஒலி பற்றிப் பலர் புகழ்ந்து எழுதுகிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய சாலிடர் எழுதியது:

ஸ்பீக்கரின் விவரம் இல்லாமல் ஆம்ப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, நண்பரே. உணர்திறன் (கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு எவ்வளவு ஒலி வரும் என்பது) எவ்வளவு, பெயரளவு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) எவ்வளவு, அது மிகத் தாழ்ந்து எத்தனை ஓம் வரை இறங்குகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். ரிசீவரின் மெனுவில் ஸ்பீக்கர் மின்மறுப்பைத் தெரிவு செய்யும் அமைப்பு இருந்தால், அது எதில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் சொல்லுங்கள்.

இரவுக்கேட்பாளர் எழுதியது:

கையேட்டின்படி உணர்திறன் 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபெல். பெயரளவு மின்மறுப்பு 6 ஓம். அதே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "குறைந்தபட்சம் 3.2 ஓம், 110 ஹெர்ட்ஸில்" என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரிசீவர் 8 ஓமில் இரண்டு சானலுக்கு 100 வாட் என்கிறது. மின்மறுப்புத் தெரிவை, அதன் கையேடு சொன்னபடி, 4 ஓமில் வைத்திருக்கிறேன்.

ஓம்விதி எழுதியது:

அந்தச் சிறிய எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60268-5 தரநிலைப்படி, ஒரு ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதன் பெயரளவு மதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 3.2 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கருக்கு 4 ஓம் என்றுதான் போட்டிருக்க வேண்டும். 6 ஓம் என்பது விற்பனைத் துறையின் தாராள மனம். அடுத்து, 87 டெசிபெல் என்பது 2.83 வோல்ட்டுக்கான எண். அந்த மின்னழுத்தம் 8 ஓமில் 1 வாட்டாகவும் 4 ஓமில் 2 வாட்டாகவும் ஆகிறது. ஆக, உங்கள் ஸ்பீக்கர் உண்மையில் ஒரு வாட்டுக்கு 84 டெசிபெல் தரும், சற்றே பசியுள்ள ஸ்பீக்கர்.

இப்போது உங்கள் நாற்காலிக்கு வருவோம். திறந்த வெளியில் ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குப் போனால் ஒலி ஏறத்தாழ 9.5 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்களின் எதிரொலிப்பு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். இரண்டாவது ஸ்பீக்கர் இன்னும் 3 டெசிபெல் சேர்க்கும். எல்லாம் கூட்டிக் கழித்தால், இரண்டு ஸ்பீக்கருக்கும் 2.83 வோல்ட் கொடுக்கும்போது உங்கள் காதில் 83 டெசிபெல் அளவில் விழும். இது தோராயக் கணக்குதான். இரண்டு மூன்று டெசிபெல் இப்படியோ அப்படியோ இருக்கலாம்.

சராசரி 80 டெசிபெல் என்பது நல்ல சத்தமான கேட்பு. அதற்கு 2 வோல்ட், அதாவது 4 ஓமில் ஒரே ஒரு வாட் போதும். ஆனால் நன்றாகப் பதிவு செய்யப்பட்ட இசையில் தவிலின் ஓர் அடி சராசரியை விட 20 டெசிபெல் மேலே தாவக்கூடும். 20 டெசிபெல் என்றால் மின்னழுத்தத்தில் பத்து மடங்கு, திறனில் நூறு மடங்கு. ஒரு வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப், கணப்பொழுதுக்கு 20 வோல்ட்டையும் 100 வாட்டையும் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் 3.2 ஓம் பள்ளத்தில் 6.25 ஆம்பியர் பாயும். அலையின் உச்சியில் 8.8 ஆம்பியர். உங்கள் ரிசீவர் 8 ஓமில் 100 வாட் தருகிறது என்றால் 28.3 வோல்ட் வரை போகும் என்று பொருள். எனவே மின்னழுத்தத்தில் அதற்குக் குறையில்லை. அது தடுமாறுவது மின்னோட்டத்தில்.

வாட் கணக்கை ஒதுக்கிவிட்டு வோல்ட்டும் ஆம்பியருமாக நினைக்கத் தொடங்கினால், இந்தத் துறையின் குழப்பங்களில் பாதி விலகிவிடும் என்பது என் கருத்து.

வால்வு ரசிகை எழுதியது:

ஓம்விதி ஐயா சொல்லும் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் இழையைத் தொடங்கியவர் "உறுத்துகிறது" என்று எழுதியதைக் கவனிக்க வேண்டும். கிளாஸ் ஏ ஆம்பில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எப்போதும் கடத்திக்கொண்டே இருப்பதால், ஒன்று அணைந்து மற்றொன்று விழித்துக்கொள்ளும் இடத்தில் பிறக்கும் குறுக்குத் திரிபு அதில் இல்லை. அந்தத் திரிபு தாழ்ந்த ஒலியளவில்தான் விகிதத்தில் பெரிதாகத் தெரியும். நாமோ பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்குக் கீழேதான் கேட்கிறோம். முதல் வாட் தூய்மையாக இல்லாத ஆம்புக்கு இருநூறாவது வாட் எதற்கு? என் வீட்டில் வால்வு (வெற்றிடக்குழாய்) ஆம்பும், கிளாஸ் ஏ டிரான்சிஸ்டர் ஆம்பும் உள்ளன. இரண்டிலும் நெடுநேரம் கேட்டாலும் காது களைப்பதில்லை. 25 வாட்டைக் குறைவாக எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இரவுக்கேட்பாளர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கணக்கு புரிகிறது, ஆனால் அதில் அறையின் பங்கு, சராசரி, உச்சம் என்று பல ஊகங்கள் இருக்கின்றன. நான் உண்மையில் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஒலியளவு மீட்டரும் இல்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

ஓம்விதி எழுதியது:

மல்டிமீட்டர் இருந்தால் போதும்; ஊகத்தையே ஒழித்துவிடலாம். ஆம்ப் கட்டுவோர் வட்டத்தில் நெடுநாளாகப் புழங்கும் முறை இது.

முழு அளவிலிருந்து 12 டெசிபெல் தாழ்ந்த, 120 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் எதிலும் இதைச் செய்யலாம். பிறகு உங்களுக்குப் பிடித்த, ஏற்ற இறக்கம் மிகுந்த பாட்டைப் போட்டு, இதற்கு மேல் ஒருபோதும் வைக்க மாட்டேன் என்ற இடம் வரை ஒலியளவைக் கூட்டுங்கள். ஒலியளவை அங்கேயே விட்டுவிட்டுப் பாட்டை நிறுத்துங்கள். ரிசீவரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மீண்டும் இயக்கிச் சைன் அலையை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு சானலின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையே அளவெடுங்கள். ஸ்பீக்கர் இணைப்பில் இல்லாததால் காதுக்கும் ட்வீட்டருக்கும் ஆபத்து கிடையாது.

கிடைக்கும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். 12 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு. பதிவில் உள்ள உச்சம் முழு அளவைத் தொட்டாலும் அதற்கு மேல் போக முடியாது என்பதால், உங்கள் ஆம்ப் சிதையாமல் தர வேண்டிய மின்னழுத்தம் அதுதான். 120 ஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: மலிவான மல்டிமீட்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் சரியாக அளக்கும், ஆயிரம் ஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் பொய் சொல்லும். அளக்கும் நேரத்தில் ஈக்வலைசரையும், பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமன் செய்யும் வசதியையும் அணைத்து வையுங்கள். திரைப்படத்துக்கும் இதே முறையில் தனியாக ஒரு முறை அளந்துவிடுங்கள்.

பழைய சாலிடர் எழுதியது:

நல்ல முறை. ஆனால் பின்னால் வந்து படிப்பவர்களுக்காக இரண்டு எச்சரிக்கைகள். வால்வு ஆம்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இதைச் செய்யக் கூடாது. சுமை இல்லாத வெளியீட்டு மின்மாற்றியில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடும். அடுத்து, சில ஆம்புகளில் கறுப்பு முனையும் உயிருள்ள முனையே. எனவே மீட்டரின் ஒரு கம்பியைச் சட்டத்தில் வைத்து அளக்காமல், இரண்டு முனைகளுக்கும் இடையிலேயே அளக்க வேண்டும்.

4 ஓம் தெரிவு பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ரிசீவர்களில் அந்தத் தெரிவு ஆம்பின் உள் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது, அல்லது வெளியீட்டுக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. குறைந்த சுமையில் பெட்டி சூடாகிப் பாதுகாப்புச் சோதனையில் தவறிவிடக் கூடாது என்பதுதான் அதன் முதன்மை நோக்கம். ஒலியின் நலம் இரண்டாம் பட்சம். அந்தத் தெரிவில் நீங்கள் கேட்கும் இறுக்கம், மின்னழுத்தம் முன்கூட்டியே தலை தட்டுவதால் வருவதாக இருக்கலாம். மேற்புறம் நன்றாகக் காற்றாடும் இடத்தில் ரிசீவர் இருக்குமானால், 8 ஓமுக்கு மாற்றி மிதமான ஒலியளவில் கேட்டுப் பாருங்கள். சூடு கூடும், பக்கத்தில் இருந்து கவனியுங்கள். கையேடு வேறு மாதிரி சொல்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இது நோய் எது என்று கண்டுபிடிப்பதற்கான சோதனைதான், மருந்தன்று.

இரவுக்கேட்பாளர் எழுதியது:

சொன்னபடி செய்தேன். இசைக்கு மல்டிமீட்டர் 4.1 வோல்ட் காட்டியது. திரைப்படத்துக்கு 5.6 வோல்ட். 8 ஓம் தெரிவுக்கு மாற்றியதும் இசையில் இறுக்கம் தெளிவாகக் குறைந்தது. தவிலின் அடி முன்பை விட விடுபட்டுக் கேட்கிறது. ஆனால் படம் ஓடி முக்கால் மணி நேரத்தில் ரிசீவரின் மேற்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. வெடிச்சத்தம் வரும் இடங்களில் உறுத்தல் இன்னும் இருக்கிறது. பயந்து பழைய தெரிவுக்கே திரும்பிவிட்டேன்.

ஓம்விதி எழுதியது:

அருமையான அளவுகள். இனி மூன்று ஆம்புகளையும் இவற்றோடு ஒப்பிடலாம். இசைக்கு 16.4 வோல்ட் வேண்டும். 4 ஓமில் அது 67 வாட். திரைப்படத்துக்கு 22.4 வோல்ட், 4 ஓமில் 125 வாட், 3.2 ஓம் பள்ளத்தில் 7 ஆம்பியர், அலையின் உச்சியில் ஏறத்தாழ 10 ஆம்பியர். மின்மறுப்பு தாழும் இடத்தில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒன்றாக ஏறி இறங்காமல் கட்டம் விலகி நின்றால், டிரான்சிஸ்டர்களுக்கு இதைவிடவும் கடினமான வேலை காத்திருக்கும்; எனவே 4 ஓம் எண்ணை வெளியிடத் தயங்கும் ஆம்ப் எதையும் நான் இந்த ஸ்பீக்கருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளாஸ் ஏ ஆம்ப் 8 ஓமில் 25 வாட் என்றால் 14.1 வோல்ட். இசைக்கே 1.3 டெசிபெல் போதவில்லை; படத்துக்கு 4 டெசிபெல் போதவில்லை. இன்னொன்றும் உண்டு. 8 ஓமில் 25 வாட் வரை கிளாஸ் ஏ-வில் இயங்கும் புஷ்-புல் (டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக எதிரெதிரே இயங்கும்) ஆம்பின் ஓய்வு மின்னோட்டம் 1.25 ஆம்பியர், அது 2.5 ஆம்பியர் உச்சம் வரைதான் கிளாஸ் ஏ. அதே 2.5 ஆம்பியர் உங்கள் 4 ஓமில் 12.5 வாட்தான் தரும். அதற்கு மேல் அது சாதாரண கிளாஸ் ஏபி ஆம்பாகிவிடுகிறது. பெயர்ப்பலகையில் உள்ள வகுப்பு உங்கள் ஸ்பீக்கரில் பாதி தூரத்திலேயே இறங்கிக்கொள்கிறது. இதற்காக அது நாள் முழுவதும், பாட்டு ஓடாதபோதும், இரண்டு சானலுக்குமாக 120 வாட்டுக்கு மேல் வெப்பமாக அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கும்.

கிளாஸ் டி ஆம்ப் 31.6 வோல்ட் தருகிறது. தேவைக்கு மேல் 3 டெசிபெல் மிச்சம். 4 ஓமில் திறன் சரியாக இரட்டிப்பாவது, அந்தச் சுமையிலும் அது மின்னழுத்தத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்குச் சான்று. பழைய கிளாஸ் ஏபி 4 ஓமில் 37.4 வோல்ட், 4.5 டெசிபெல் மிச்சம். 350 வாட்டுக்கும் 250 வாட்டுக்கும் இடையே காதுக்குக் கிடைப்பது ஒன்றரை டெசிபெல் மட்டுமே. எனவே இவ்விரண்டுக்கும் இடையே வாட் ஒரு காரணமாக இருக்க முடியாது. வயது, வெப்பம், இரைச்சல், கெய்ன் (பெருக்கும் மடங்கு) ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிரான்சிஸ்டர்களை அதிவேகமாக இயக்கி அணைத்து, வடிகட்டி வழியே ஒலியை மீட்கும் கிளாஸ் டி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. தொடக்கக் கால கிளாஸ் டி ஆம்புகளில் வெளியீட்டு வடிகட்டி பின்னூட்ட வளையத்துக்கு (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும் சுற்றுக்கு) வெளியே இருந்தது. அதனால் ஸ்பீக்கரின் மின்மறுப்புக்கு ஏற்ப உச்ச ஸ்தாயி கூடவோ குறையவோ செய்தது. ஆம்ப் வடிவமைப்பாளர் புரூனோ புட்சேஸ் பிலிப்ஸில் இருந்தபோது வடிவமைத்த யு.சி.டி. முறை, வடிகட்டிக்குப் பின்னாலிருந்து பின்னூட்டம் எடுத்து இந்தக் குறையைக் களைந்தது. பின்னர் ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர், பியூரிஃபை நிறுவனத்தின் மாட்யூல்கள் எல்லாம் அதே வழியில் வந்தவைதான். நீங்கள் பார்த்த ஆம்பில் உள்ள மாட்யூல் இந்த வகையா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வால்வு ரசிகை எழுதியது:

இந்த ஸ்பீக்கருக்கு 25 வாட் போதாது என்பதை ஏற்கிறேன். அளந்து சொன்ன பிறகு வாதாட என்ன இருக்கிறது! ஆனால் குற்றம் ஆம்பின் மேல் விழுந்துவிடக் கூடாது. அதே அறையில், அதே தொலைவில், 95 டெசிபெல் உணர்திறன் கொண்ட 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், இசைக்குத் தேவைப்படும் 16.4 வோல்ட் 6.5 வோல்ட்டாகக் குறைந்துவிடும். அது ஐந்து வாட்டுக்குச் சற்று மேல். அங்கே என் 25 வாட் அரசனைப் போல உட்கார்ந்திருக்கும்.

வால்வு ஆம்பில் நாம் கேட்பது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதன் வெளியீட்டு மின்தடை ஓர் ஓம் அளவுக்கு இருக்கலாம். மின்மறுப்பு 3.2 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஸ்பீக்கரில், தாழும் இடத்தில் ஒலி 2.4 டெசிபெல் குறையும், உயரும் இடத்தில் அரை டெசிபெல் கூடக் குறையாது. ஆக, ஸ்பீக்கரின் மின்மறுப்பு வளைவே ஒரு ஈக்வலைசராக மாறி, ஒலியின் மேல் இரண்டு டெசிபெல் அளவுக்கு வரைந்துவிடுகிறது. எனக்கு அந்த ஓவியம் பிடித்திருக்கிறது. இன்னொருவருடைய ஸ்பீக்கரில் அதே ஆம்ப் வேறு மாதிரி வரையும் என்பதால், மற்றவருக்குப் பரிந்துரைக்கும்போது தயங்குகிறேன்.

ஓம்விதி எழுதியது:

அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1985-இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்களிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்த உயர்தர வால்வு ஆம்பின் ஒலியைத் தம் டிரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவந்துவிடுவதாகச் சொல்லி, இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சும் ஒலி மறையும் வரை தம் ஆம்பைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் அவர்களால் வேறுபாடு காண முடியவில்லை.

ஒப்பிட்டுக் கேட்க விரும்புகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டு ஆம்புகளின் வெளியீட்டையும் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் அளந்து, 0.1 டெசிபெல்லுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக்குள் சமன் செய்யுங்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது சத்தம் என்று உணராது; "விவரம் கூடியிருக்கிறது", "மேடை விரிந்திருக்கிறது" என்றுதான் சொல்லும்.

மௌனவாசகர் எழுதியது:

இழையை ஆர்வமாகப் படித்து வருகிறேன். ஒரு சந்தேகம். ஆம்ப் விளம்பரங்களில் டேம்பிங் ஃபேக்டர் 500, 1000 என்று பெரிய எண்கள் போடுகிறார்கள்; அது கூடக்கூட பாஸ் இறுக்கமாகும் என்கிறார்கள். இதை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

பழைய சாலிடர் எழுதியது:

அந்த எண், 8 ஓமை ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பால் வகுத்தால் கிடைப்பது. 500 என்றால் 0.016 ஓம், 100 என்றால் 0.08 ஓம். இப்போது 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை மூன்று மீட்டர் இழுத்தால், போக வர ஆறு மீட்டருக்கு 0.07 ஓம். 4 ஓம் வூஃபரின் குரல்சுருளுக்கோ மூன்று ஓம் அளவில் மின்தடை உண்டு. கூம்பின் அசைவை அடக்கும் மின்னோட்டம் இவை எல்லாவற்றின் வழியாகவும்தான் ஓட வேண்டும். இரண்டு ஆம்புக்கும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் 3.09-க்கும் 3.15-க்கும் உள்ள வேறுபாடுதான் மிஞ்சும். 50-க்கு மேல் இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் படித்துக்கொண்டு போகலாம். விளம்பர எண்களில் இதைவிட ஏமாற்றுவது வாட்தான். எத்தனை சானல் ஒரே நேரத்தில், எத்தனை ஓமில், எந்த அலைவரிசையில், எத்தனை விழுக்காடு திரிபில் என்ற நான்கும் இல்லாத வாட் வெறும் அலங்காரம். 6 ஓமில், ஒரே சானலில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 விழுக்காடு திரிபில் எடுத்த எண்ணைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுவது இன்றும் நடக்கிறது. பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) என்று எண்ணை ஊதிப் போட்ட காலத்து ஆயிரம் வாட் டேப் ரிக்கார்டர்கள் நினைவிருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இழையைத் தொடங்கியவருக்கு: பழைய கிளாஸ் ஏபி மேல் ஆசை இருந்தால், மூடியைத் திறந்து காட்டச் சொல்லி வாங்குங்கள். பெரிய மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய பெட்டிகளில் உதிரிகளை ஒட்டப் பயன்படுத்திய பசை காலப்போக்கில் பழுப்பேறி, மின்சாரத்தைக் கடத்தவும் பக்கத்துக் கால்களை அரிக்கவும் தொடங்கிவிடும். அதைச் சுரண்டி எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நீண்ட நாள் ஓடாத பெட்டியை நேரடியாக மெயினில் சொருகாமல், சீரிஸ் லேம்ப் (தொடராக இணைத்த குண்டு பல்ப்) வழியாக இயக்குங்கள். குண்டு பல்ப் ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் மின்தேக்கிகள் நிரம்பின என்று பொருள். மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பிறகு ஸ்பீக்கர் இல்லாமல் வெளியீட்டில் டி.சி. அளவெடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. தாழ்ந்த ஒலியில் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டு, சத்தத்தைக் கூட்டியதும் சரியாகிவிட்டால், பாதுகாப்பு ரிலேயின் முனைகள் கறுத்துவிட்டன என்று அர்த்தம்; அது எளிதில் மாற்றக்கூடியது. இந்த வேலைகளில் விருப்பம் இல்லாதவர், அல்லது நம்பிக்கையான மெக்கானிக் கைவசம் இல்லாதவர், பழைய ஆம்பை வாங்க வேண்டாம்.

இரவுக்கேட்பாளர் எழுதியது:

எனக்குச் சாலிடர் பிடிக்கத் தெரியாது. ஆகவே பழையதை விட்டுவிட்டேன். கிளாஸ் டி ஆம்பையே எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன்; மாட்யூல் ஓம்விதி சொன்ன வகைதான் என்பதையும் உறுதி செய்துகொண்டேன். அதன் பின்புறம் கெய்னுக்கு 13, 20, 26 டெசிபெல் என மூன்று நிலைகள் கொண்ட சுவிட்ச் இருக்கிறது. குறைந்த கெய்னில் இரைச்சல் குறைவு என்று படித்தேன். அப்படியானால் 13-இல் வைப்பதுதானே சரி? ரிசீவரின் ப்ரீ அவுட் (வெளி ஆம்புக்குச் சமிக்ஞை தரும் முனை) 1.2 வோல்ட் என்று அதன் கையேடு சொல்கிறது. ஆம்பில் ஆர்.சி.ஏ., எக்ஸ்.எல்.ஆர். இரண்டு வகை உள்ளீடும் இருக்கின்றன, ரிசீவரிலோ ஆர்.சி.ஏ. மட்டுமே.

ஓம்விதி எழுதியது:

13-இல் வைக்க வேண்டாம். 13 டெசிபெல் என்பது ஏறத்தாழ 4.5 மடங்கு, படத்துக்கு வேண்டிய 22.4 வோல்ட்டை எடுக்க ரிசீவர் 5 வோல்ட் தர வேண்டியிருக்கும். சாதாரண ரிசீவரின் ப்ரீ அவுட் 2 வோல்ட்டைத் தாண்டும்போதே திணறத் தொடங்கும். ஆம்பில் இடம் இருந்தும் அதற்கு முந்தைய கட்டத்திலேயே ஒலி சிதைந்துவிடும். 20-இல் 2.24 வோல்ட் வேண்டும், அது விளிம்பு. 26 டெசிபெல்லில் இருபது மடங்கு, எனவே 1.12 வோல்ட் போதும். கையேட்டு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. 13-ஆம் நிலை, எக்ஸ்.எல்.ஆரில் 4 வோல்ட்டோ அதற்கு மேலோ தரும் ப்ரீ ஆம்ப், டி.ஏ.சி. (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கானது. இரைச்சலைச் சோதிக்க, பாட்டு ஓடாதபோது ட்வீட்டருக்கு அருகே காதைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு கை தூரத்தில் கேட்கவில்லை என்றால் நாற்காலியில் நிச்சயம் கேட்காது; உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறனும் குறைவு என்பதால் இதில் உங்களுக்குத் தொல்லை இருக்காது.

ரிசீவருக்குள் உள்ள ஆம்பின் கெய்ன் வேறு, இந்த ஆம்பின் கெய்ன் வேறு. ஆகவே முன்பக்க ஜோடி மற்ற ஸ்பீக்கர்களோடு ஒப்பிடச் சில டெசிபெல் கூடியோ குறைந்தோ ஒலிக்கும். தானியங்கி அளவீட்டை மைக்கோடு மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிவிடுங்கள். முன்பக்க சானல்களின் உள் ஆம்பைத் துண்டிக்கும் தெரிவு ரிசீவர் மெனுவில் இருந்தால் அதையும் இயக்குங்கள். சில மாடல்களில் அதன் பிறகு ப்ரீ அவுட் இன்னும் கொஞ்சம் மேலே வரை தூய்மையாகப் போகும்.

பழைய சாலிடர் எழுதியது:

இணைத்ததும் மெயின் ஹம் (மின்சார ரீங்காரம்) கேட்டால் ஆம்பைத் திட்டாதீர்கள். ரிசீவரில் கேபிள் டி.வி. பெட்டியோ கணினியோ சொருகியிருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்; எதைக் கழற்றும்போது ஹம் நிற்கிறதோ அந்த வழியாகத்தான் எர்த் வளையம் (எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைவதால் வரும் சுற்று) உருவாகிறது. ரிசீவரையும் ஆம்பையும் ஒரே பிளக் பலகையில் வைப்பதும் உதவும். அதுவும் போதாவிட்டால், ஆர்.சி.ஏ.விலிருந்து ஆம்பின் எக்ஸ்.எல்.ஆர். உள்ளீட்டுக்குப் போகும்படி, இரண்டு உள்கம்பியும் தனிக் கவசமும் கொண்ட கேபிளில் கட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஹம் அடங்கிவிடும். ஆனால் எக்காரணம் கொண்டும் ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைத் துண்டிக்க வேண்டாம். இயக்கும்போது ரிசீவர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ரிசீவரில், ஆம்பைத் தானே இயக்கி அணைக்கும் 12 வோல்ட் டிரிகர் வெளியீடு இருந்தால் ஒரு மெல்லிய மோனோ கேபிள் போதும், இந்த வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.